விஸ்வபாரதி வளாகம்: எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்

மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு விழாக்களில் ஒன்றைக் குறிவைத்தே ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் கூடும் பௌஷ் மேளா. மற்றது, ஹோலியை ஒட்டி வரும் வசந்த உற்சவம். அங்கே ரவீந்திரநாத் தாகூர் தொடங்கிய விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தை விழா நாளிலும் வெறும் நாளிலும் பார்த்தவன் என்ற முறையில், அந்த இடத்தை அறிந்துகொள்ள இவ்விரண்டையும் போலப் பொருந்தாத நாள்கள் வேறு இல்லை என்றே சொல்வேன். அந்நாள்களில் கூட்டத்தைப் பார்க்கலாம், கடைகளைப் பார்க்கலாம். விழாவைப் பெற்றெடுத்த பள்ளியையும் ஓவியக்கூடத்தையும் பாட்டு வகுப்பையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவையோ அவைதாம்.

வசந்த உற்சவத்தைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் சிரமம்கூட நமக்கு இல்லை. கட்டுக்கடங்காத கூட்டமும் பின்னர் வந்த பெருந்தொற்றும் சேர்ந்து, 2020 முதல் அது வெளியாருக்கான விழாவாக இல்லாமல் போய்விட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் தங்களுக்குள் எளிமையாக நடத்திக்கொள்கிறார்கள். மஞ்சள் சேலையும் தலையில் புரசம்பூவுமாக இணையத்தில் ஆண்டுதோறும் சுற்றும் படங்களை நம்பி, ஹோலியன்று பக்கத்து ரயில் நிலையமான போல்பூரில் இறங்கிப் பூட்டிய வாயில்களின் முன் நிற்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

பௌஷ் மேளாவின் கதை வேறு. ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாத், 1843 டிசம்பர் 21 அன்று சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்றார்; வங்க நாட்காட்டிப்படி அது பௌஷ் மாதம் ஏழாம் நாள். அந்நாளை நினைவுகூரும் மேளா 1894இல் தொடங்கியது. 2019க்குப் பிறகு பல்கலைக்கழகம் அதை நடத்தவில்லை. 2023இல் மாவட்ட நிர்வாகம் நடத்தியது. 2024இல் பல்கலைக்கழகமும் சாந்திநிகேதன் அறக்கட்டளையும் மீண்டும் பொறுப்பேற்றன. வங்கத்தின் நாடோடிப் பாடகர்களான பாவுல்கள் இரவெல்லாம் ஏக்தாரா என்னும் ஒற்றைத் தந்திக் கருவியை மீட்டிப் பாடும் மேடை ஒன்று இன்றும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த மேடையை அடைவதற்கு முன்னால் எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் காணக்கூடிய கடைவரிசைகளைக் கடந்தாக வேண்டும். போயே தீருவது என்றால், ஏழாம் நாள் காலையில் ஏழிலைப்பாலை மரத்தடியில் நடக்கும் வழிபாட்டுக்குப் போய்விட்டு, கூட்டம் திரளும் முன் திரும்பிவிடுங்கள். 1863இல் இந்த நிலத்தைத் தேவேந்திரநாத் வாங்கக் காரணமாக இருந்தது அந்த மரத்தின் நிழல்தான் என்பார்கள். பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்குக் கொடுக்கப்படுவதும் அதே மரத்தின் ஏழிலைக் கொத்துதான்.

என் பரிந்துரை, இந்தப் பெருந்திருவிழாக்கள் இல்லாத ஒரு குளிர்கால வாரத்தில் போய், உங்களுக்குள்ள நேரத்தில் பாதியைக் கலா பவனத்துக்கு ஒதுக்குவது.

கலா பவனம் 1919இல் தொடங்கப்பட்ட நுண்கலைத் துறை. நந்தலால் போஸ் அதன் தலைவராகப் பல்லாண்டு இருந்தார். அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதிக்கு ஓவியம் தீட்டியது அவரும் அவருடைய மாணவர்களும்தான். இந்தியாவின் மற்றக் கலைக் கல்லூரிகளில் நல்ல படைப்புகளைக் காண வேண்டுமானால் காட்சிக்கூடத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். இங்கே அவை வெயிலில் நிற்கின்றன, விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றன, படிக்கட்டுக்கு மேலே இருக்கின்றன. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ மரங்களுக்கு நடுவே நிற்கிறது. தோளில் காவடி சுமந்து பிழைப்புத் தேடி நடக்கும் ஆண், பக்கத்தில் அவன் மனைவி, காவடிக் கூடையில் குழந்தை, கூடவே ஒரு நாய். வெண்கலம் வாங்கப் பணம் இல்லாத காலம் அது. சாந்திநிகேதன் இருக்கும் வீர்பூம் மாவட்டத்தின் செம்புரைக்கல் சல்லியையும் சிமெண்டையும் கலந்து, கம்பிக்கூட்டின் மேல் அப்பி அப்பி உருவாக்கியிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் சரளைக் கற்கள் தோலைப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். காலடியில் கிடக்கும் மண்ணும் சிலையின் உடம்பும் ஒரே நிறம். அரசரையும் தலைவரையும் உயர்ந்த பீடத்தில் ஏற்றிவைத்துப் பழகிய நாட்டில், ஊர்விட்டு ஊர் போகும் கூலிக் குடும்பத்தை இந்த அளவில், இந்தப் பொருளில், ஒரு கல்லூரித் திடலில் நிறுத்திய துணிச்சலை எந்தப் புகைப்படமும் காட்டாது.

சற்றுத் தள்ளி, 1956இல் அவர் செய்த ‘ஆலைச் சங்கு’ இருக்கிறது. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டதால், ஈரச் சேலையைக் காற்றில் உலர்த்திக்கொண்டே இரு பெண்கள் ஓடுகிறார்கள். பின்னால் ஒரு சிறுவன். கனத்த சிமெண்டில் துணி படபடப்பதை எப்படிக் கொண்டுவந்தார் என்று யோசித்துக்கொண்டே அதை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். முன்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதிச் சிற்பத்தை விட்டுவிட்டதாகும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ‘சுஜாதா’வைத் தேடிப் பார்க்க வேண்டும். உயரமான மரங்களுக்கு இடையே, மரத்தைப் போலவே மெலிந்து நெடிதாக நடந்து வரும் பெண்ணுருவம் அது. ராம்கிங்கரின் 1935ஆம் ஆண்டுப் படைப்பு. அதற்கு மாதிரியாக இருந்தவர் என்று சொல்லப்படுபவர், அப்போது அங்கே மாணவியாக இருந்த ஜெயா அப்பாசாமி. சென்னையில் பிறந்தவர், பிற்காலத்தில் ஓவியராகவும் கலை வரலாற்றாசிரியராகவும் அறியப்பட்டவர். உருவத்தின் தலையில் ஒரு கலயத்தை வைக்கும்படி நந்தலால் யோசனை சொன்னாராம். அதன் பிறகுதான் நடந்துகொண்டிருந்த பெண், புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதா ஆனாள். ஆசிரியர் ஒருவர் மாணவரின் வேலையில் ஒரே ஒரு பொருளைச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது எவ்வளவு நல்ல பாடம் என்பதை ஓவியம் கற்பிப்பவர்கள் அறிவார்கள்.

இந்த வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். மற்றக் கண்ணும் பலவீனம். 1940இல் மாணவர் விடுதி ஒன்றின் உட்கூரையில் அவர் வீர்பூம் கிராமத்தை வரைந்தார். நடுவில் ஒரு குளம், சுற்றிலும் வீடும் மரமும் ஆடுமாடும் மனிதரும். கட்டிலில் மல்லாந்து படுக்கும் மாணவனுக்கு அண்ணாந்து பார்க்க ஓர் ஊர் கிடைத்தது. 1942இல் சீன பவனத்தில் வளாக வாழ்க்கையையே சுவரோவியமாகத் தீட்டினார். பிறகு 1946–47இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்வை வரைந்தார். இராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் என நீளும் அந்த ஊர்வலத்தில் தெய்வப் புருஷர்களுக்குத் தனி இடம் எதுவும் இல்லை. நெசவாளிக்கும் சுமைகூலிக்கும் படித்துறையில் குளிப்பவர்க்கும் நடுவில்தான் அவர்கள் தென்படுகிறார்கள். பெரிய அளவில் மாதிரி வரைந்து சுவரில் படியெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஈரச் சுண்ணாம்பின் மேல் நேராகத் தூரிகையை வைத்தார். சாந்து காய்வதற்குள் அன்றைய பகுதி முடிந்தாக வேண்டும், தவறினால் கொத்தியெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில், அரைக்கண் பார்வையோடு வேலை செய்த ஒருவரின் கோடு இவ்வளவு உறுதியாக இருப்பதை நம்புவதற்கு நேரில்தான் பார்க்க வேண்டும்.

1957இல், கண்புரை அறுவைக்குப் பிறகு, அவருடைய பார்வை முழுவதுமாகப் போயிற்று. அவரது வேலை நிற்கவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார். 1972இல் கலா பவனத்தின் சுவர் ஒன்றில் சுட்ட ஓடுகளால் ஆன பெரிய படைப்பைச் செய்து முடித்தார். அதே ஆண்டில் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த சத்யஜித் ரே, நாற்பதுகளின் தொடக்கத்தில் அங்கே அவரிடம் படித்தவர். அந்த ஓட்டுச் சுவரின் முன் நின்றிருந்தபோது என்னோடு வந்த நண்பர், அதைச் செய்தவர் பார்வையற்றவர் என்பதை நான் சொல்லும் வரை, வண்ணங்களைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சுவர், கருப்பு வெள்ளையில் கே.ஜி. சுப்பிரமணியன் தீட்டியது. தமிழ் பேசும் குடும்பத்தில், கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்; 1944இல் கலா பவனத்துக்கு வந்து மாணவரானார். பரோடாவில் பல்லாண்டு கற்பித்துவிட்டு 1980இல் ஆசிரியராகத் திரும்பினார். வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களில் அவர் வரைந்திருந்த விலங்குகளும் பறவைகளும் மனிதரும் மழையில் மங்கிப்போக, 2009இல் தமது எண்பத்தைந்தாம் வயதில் சாரம் ஏறிப் புதிதாக வரைந்தார். பழையதைப் பழுதுபார்க்க அவருக்கு விருப்பம் இல்லை. வேறு படங்களையே போட்டார். வெளியில் நிற்கும் கலை அழியும், அழிந்தால் மறுபடி செய்யலாம் என்ற இந்த நிதானம் கலா பவனத்தின் இயல்பு. மண்சுவரில் கீல் பூசி மாணவர்களே புடைப்புச் சிற்பங்கள் அமைத்த ‘கருப்பு வீடு’ என்னும் விடுதியிலும் இதைக் காணலாம். கீல் வெளுத்தால் மீண்டும் பூசுவார்கள். கை மாறிக்கொண்டே இருக்கும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு, ‘உள்ளபடியே பாதுகாத்தல்’ என்னும் விதி இந்த மறுபூச்சு மரபோடு எப்படி ஒத்துப்போகும் என்பது எனக்கு உள்ள ஒரு சந்தேகம்.

இந்தச் சுவர்களையெல்லாம் விரும்பியபடி உலாவிப் பார்த்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலா பவனம் இயங்கிக்கொண்டிருக்கும் கல்லூரி; விடுதி அறைகளின் உட்கூரையைப் பார்க்க அனுமதி வேண்டும். ஆசிரம வளாகம் என்று அழைக்கப்படும் பழைய பகுதி 2020இலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்டில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டியோடு சுற்றிவரும் கட்டண நடை தொடங்கப்பட்டது. நடை நல்ல ஏற்பாடு. 1891இல் கட்டப்பட்ட கண்ணாடி வழிபாட்டுக்கூடம், ஏழிலைப்பாலை மரத்தடி, மாந்தோப்பு ஆகியவை எந்த வரிசையில் வளர்ந்தன என்பதைச் சொல்லிக் காட்டினால்தான் அவை வெறும் கட்டடமும் மரமுமாக நின்றுவிடாமல் பொருள்படும். குழுவாகப் போவதால் ஒரே சிற்பத்தின் முன் அரைமணி நேரம் நிற்க முடியாது என்பது இதில் உள்ள இயல்பான குறை. நேரமும் முன்பதிவு முறையும் மாறக்கூடியவை. புறப்படும் முன் பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நடையில் இடம் கிடைக்காதவர்களை நம்பித்தான் வாயிலில் ‘டோட்டோ’ எனப்படும் மின்கல ரிக்‌ஷாக்கள் காத்திருக்கின்றன. எனக்கு வாய்த்த ஓட்டுநர், சாலையோர ஆலமரம் ஒன்றைக் காட்டி, தாகூர் நோபல் பரிசு வாங்கியது இதன் அடியில்தான் என்றார். கட்டணத்தை முன்பே பேசிக்கொள்வது நல்லது. வரலாற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்வது அதைவிட நல்லது.

மரத்தடி வகுப்புகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான படம் மனத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் முழுவதும் மரத்தடியில் நடப்பதில்லை. இயற்பியல் ஆய்வகமும் நூலகமும் மற்ற இடங்களைப் போலக் கட்டடங்களில்தான் இருக்கின்றன. மரத்தடியில் நடப்பவை பெரும்பாலும் பாட பவனம் என்னும் பள்ளியின் வகுப்புகள். 1901 டிசம்பர் 22 அன்று ஐந்து மாணவர்களோடு தாகூர் தொடங்கிய ஆசிரமப் பள்ளியின் தொடர்ச்சி அது; விஸ்வபாரதி முறையாகத் தொடங்கப்பட்டது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1921 டிசம்பர் 23 அன்று. 1951இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போகிறார்கள். மணி அடித்ததும் ஆசிரியர் தம் இருக்கையில் இருக்க, பிள்ளைகள் கூட்டமாக எழுந்து அடுத்த மரத்துக்குப் போவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பதே முறையும்கூட. சிறுவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை நீட்டுகிறவர்களால்தான் வேலிகள் எழுகின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாத இரண்டு வழக்கங்கள், மரத்தடியைவிட இந்தக் கல்வி முறையைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒன்று, ஆசிரியர்களைப் பெயரோடு ‘தா’, ‘தி’ சேர்த்து அண்ணன், அக்காள் முறையில் அழைப்பது. ராம்கிங்கர் எல்லாருக்கும் கிங்கர்தா, சுப்பிரமணியன் மணிதா. நந்தலாலை மட்டும் மாஸ்டர்மசாய், அதாவது ஆசிரியர் ஐயா என்றார்கள். மற்றொன்று, மாணவர்கள் தங்கள் எழுத்தை வாசித்துப் பாடும் இலக்கியச் சபைகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும் கைதட்டுவதற்குப் பதிலாக ‘சாது, சாது’ (நன்று, நன்று) என்று மெல்லச் சொல்வது. நம் ஊர்ச் சபாக்களில் துக்கடா முடிவதற்குள் எழுந்து போகிறவர்களோடு வளர்ந்த எனக்கு, நிகழ்ச்சி முடிந்ததும் எழும் அந்தத் தணிந்த குரல் பழகச் சற்று நேரம் பிடித்தது.

இசைக்கும் நடனத்துக்கும் உரிய சங்கீத பவனத்தில் இரவீந்திர சங்கீதம் கற்பிக்கப்படுவதில் வியப்பில்லை. நடனப் பிரிவில் மணிப்புரியும் கதகளியும் பாடமாக இருப்பதுதான் கவனிக்கத்தக்கது. தாகூர் 1919இல் சில்ஹட்டில் மணிப்புரி நடனத்தைக் கண்டு ஈர்க்கப்பட்டு, அதைக் கற்பிக்க ஆசிரியர்களை வரவழைத்தார். பிறகு கேரளத்திலிருந்து கதகளி வந்தது. குடும்பப் பெண்கள் மேடையில் ஆடுவது இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே நடனத்தை அவர் வைத்துவிட்டார். அவருடைய நாட்டிய நாடகங்கள் இன்றும் பருவம் தவறாமல் மேடையேறுகின்றன. பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடக்கூடாது. வங்காளம் தெரியாததால் நஷ்டம் உண்டு, ஆனாலும் உடல் மொழியிலும் மெட்டிலும் முக்கால்வாசி புரிந்துவிடும்.

இனி, சிறு விழாக்கள். சாந்திநிகேதனின் ஆண்டு என்பது பாடநாள்களும் விடுமுறைகளும் சேர்ந்த அட்டவணை மட்டும் அன்று. விழாக்களே பாடங்களாக அதில் கோக்கப்பட்டிருக்கின்றன. மார்ச் 10 அன்று காந்தி புண்ணிய நாள். 1915இல் அங்கே தங்கியிருந்த காந்தி, சமையலையும் துப்புரவையும் வேலையாட்களிடம் விடாமல் மாணவரும் ஆசிரியருமே செய்ய வேண்டும் என்று தொடங்கிவைத்த நாள் அது; ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குப் பணியாளர்களுக்கு ஓய்வு, துடைப்பம் மாணவர் கையில். மகாளய அமாவாசையன்று, பூசை விடுமுறைக்கு முன், ‘ஆனந்த பஜார்’. பிள்ளைகளே சமைத்துக் கூவி விற்கும் ஒரு நாள் சந்தை அது. கிடைக்கும் பணம் நற்பணிக்குப் போகிறது.

இவற்றுள் அழகானது மரம் நடு விழா. 1928இல் தாகூர் தொடங்கியது. இப்போது அவருடைய நினைவு நாளான சிராவணம் 22 அன்று, அதாவது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், நடக்கிறது. ஒரு மரக்கன்றைப் பூவும் ஓலையும் கொண்டு அலங்கரித்த பல்லக்கில் ஏற்றி, பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் வருகிறார்கள். ஐந்து பிள்ளைகள் நிலம், நீர், தீ, காற்று, வானமாக நின்று கன்றை வாழ்த்துகிறார்கள். நடும் இடத்தைச் சுற்றி அரிசி மாவில் அல்பனா போடப்படுகிறது. மார்கழிக் கோலத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை போல் இருக்கும். புள்ளி கிடையாது, கொடியும் இலையும் பூவுமாகக் கை போகிற போக்கில் வளரும். கிராமத்துப் பெண்கள் வீட்டு வாசலில் போட்டதைக் கலா பவனத்தின் பாடமாக ஆக்கியதில் நந்தலாலின் மகள் கௌரி பஞ்சாவுக்கும் அவர் தலைமுறைப் பெண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அடுத்த நாள் பக்கத்து ஸ்ரீநிகேதனில் ஏர்பூட்டும் விழா நடக்கும். 1922இல் ஆங்கிலேய வேளாண் வல்லுநர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட்டின் துணையோடு தாகூர் தொடங்கிய கிராம மறுசீரமைப்பு நிலையம் அது. மழைக்காலம், புழுக்கம், சேறு எல்லாம் உண்டு. குடையோடு போனாலும் இந்த இரு நாள்களுக்காகப் போகலாம். பௌஷ் மேளாவின் கூட்டத்தில் இங்கே பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

ஆனால் ஓர் ஆண்டில் ஒரே ஒரு முறைதான் போக இயலும் என்பவர்களுக்கு நான் சொல்லும் நாள்கள் டிசம்பர் 1, 2. நந்தலால் போஸின் பிறந்த நாளான டிசம்பர் 3க்கு முந்தைய அந்த இரு நாள்களில், கலா பவன வளாகத்துக்குள் ‘நந்தன் மேளா’ நடக்கிறது. மாணவர் நலநிதிக்குப் பணம் திரட்டுவதற்காக எழுபதுகளில் தொடங்கப்பட்டது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, மண்பாண்டம், நெசவு என ஒவ்வொரு பிரிவும் தனக்கு ஒரு கடை போட்டு, அதைத் தானே கட்டி அலங்கரிக்கிறது. கடை என்றாலும் அது மூங்கிலும் துணியும் காகிதமும் வைத்து மாணவர்கள் இரவு பகலாகக் கட்டிய ஒரு சிற்பம். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் தங்கள் வேலைகளைத் தருகிறார்கள். கையால் அச்சிட்ட நாட்காட்டி, மரக்கட்டை அச்சுப் படங்கள், சுடுமண் பொம்மைகள், பித்தளை நகைகள், குவளைகள். சில நூறு ரூபாய்க்கு மாணவர் ஒருவரின் அசல் அச்சுப்படத்தை வாங்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம். சென்னையில் நடக்கும் எந்தக் கண்காட்சியிலும் இந்த விலைக்கு இந்தத் தரம் வாய்ப்பது கடினம். நல்ல துண்டுகள் முதல் நாள் மதியத்துக்குள் போய்விடும் என்பதால் காலையிலேயே போவது உசிதம். சில்லறையும் கொண்டுபோங்கள். பேரம் பேசக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனாலும் இது நலநிதிக்கான விற்பனை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நந்தன் மேளாவில் எனக்குப் பிடித்தது பொருள்களைவிடப் பேச்சு. மரச்செதுக்கல் படம் ஒன்றைக் கையிலெடுத்து, எந்த மரம் என்று கேட்டால் போதும். அதைச் செதுக்கிய மாணவி உளியைப் பற்றி, மையைப் பற்றி, மூன்றாம் படியில் அச்சு நழுவியதைப் பற்றி, வாங்குவீர்களா மாட்டீர்களா என்ற கவலையே இல்லாமல் சொல்லிக்கொண்டு போவார். மாலையில் பாட்டும் கூத்தும் உணவுக்கடைகளும் சேர்ந்துகொள்ளும். கூட்டம் உண்டு, நெரிசல் இல்லை. கற்பித்தல், கலை, கொண்டாட்டம் மூன்றும் ஒரே திடலில், ஒரே ஆட்களால் நடத்தப்படுவதை இவ்வளவு கிட்டத்தில் காண வேறு நாள் இல்லை.

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தாகூர் வாழ்ந்த உத்தராயண் வளாகத்தில், நூற்றாண்டு விழாவின்போது 1961இல் எழுந்த விசித்திரா கட்டடத்தில் இரவீந்திர பவனம் இயங்குகிறது. கையெழுத்துப் பிரதிகளும், அறுபது வயதுக்கு மேல் அவர் முனைந்து வரையத் தொடங்கிய ஓவியங்களும் உள்ளன. 1913ஆம் ஆண்டு நோபல் பதக்கத்தைத் தேட வேண்டாம். அது 2004 மார்ச்சில் களவு போய்விட்டது, இருப்பது நோபல் அமைப்பு கொடுத்த நகல். படம் எடுக்க அனுமதி இல்லை. அதைவிட வெளியே உள்ள ஐந்து வீடுகளில்தான் நேரம் செலவழிக்கத் தோன்றும். ஒரே வீட்டில் நிலைத்திருக்கப் பிடிக்காத கவிஞர், உதயன், கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீசி என்று மாறிக்கொண்டே இருந்தார். 1935இல் கூரை உட்பட மண்ணாலேயே கட்டப்பட்ட சியாமளியின் வெளிச்சுவர்களில் நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவர்களும் செய்த புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் தங்கியது அந்த வீட்டில்தான். விஸ்வபாரதிக்கு வழக்கமான வார விடுமுறை புதன்கிழமை என்பதை மறந்து வருபவர்கள் ஏராளம். அன்று அருங்காட்சியகமும் கிடையாது.

கடைகளைப் பற்றி ஓரிரு சொற்கள். சோனாஜுரிக் காட்டுச் சந்தை, ஓவியர் சியாமளி காஸ்தகீர் முயற்சியால் சனிக்கிழமை மாலைகளில் கிராமத்துக் கைவினைஞர்கள் கூடும் சிறு சந்தையாகத் தொடங்கியது; இப்போது ஏறக்குறைய எல்லா நாளும் கூடுகிறது, எந்திரத் துணியும் காந்தா என்னும் வங்கக் கைத்தையல் என்ற பெயரில் விலைபோகிறது. புடைப்பு வேலையும் பாத்திக் வண்ணமும் கொண்ட தோல் பைகள் வேண்டுமானால் ஸ்ரீநிகேதனின் சில்ப சதனத்திலோ, கோபாய் ஆற்றங்கரைப் பக்கம் உள்ள அமார் குடீரிலோ வாங்கலாம். சாந்திநிகேதன் தோல் பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமம் இல்லை. கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சமைக்கும் ஆலு போஸ்தோ எல்லாக் கடையிலும் கிடைக்கும், வீர்பூம் பக்கத்தில் அது அன்றாடக் கறி.

ஹவுராவிலிருந்து போல்பூர் சாந்திநிகேதன் நிலையத்துக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பார்கள்; அப்படிப் போனால் வீடுகளை மட்டும் பார்க்கலாம், சுவர்களைப் பார்க்க நேரம் இராது. இரண்டு இரவாவது தங்க வேண்டும். பௌஷ் மேளா வாரத்தில் நான் விசாரித்த விடுதி ஒன்று வழக்கமான வாடகையைப் போல் மூன்று மடங்கு கேட்டது. டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய நாள்களில் அந்த அளவு கெடுபிடி இருப்பதில்லை, என்றாலும் கலா பவனத்தின் பழைய மாணவர்கள் நாடெங்கிலுமிருந்து திரும்பி வரும் நேரம் என்பதால் அக்டோபர் முடிவதற்குள் அறையை உறுதி செய்துவிடுவது நல்லது.